பட்டியலில் எட்டாவது பெயர்

நீலமங்கலத்து அரண்மனையில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. வாயைத் திறக்கிற புத்திசாலிக்குத்தான் பஞ்சம். இருந்த ஒரே ஆள் கூத்தபிரான். அரண்மனைக்கு வரும் ஓலைகளைப் படித்து, கட்டி, பத்திரப்படுத்துவது அவர் உத்தியோகம்.

அந்த வருஷம் மலைக்கு மேற்கே இருந்த வைரகிரி, நீலமங்கலத்துக்குப் புதுச் சிநேகமாகியிருந்தது. வைரகிரி மன்னன் இருநூறு குதிரைகளை அனுப்பினான். கூடவே கேசவராயர் என்ற தூதரையும் அனுப்பினான். குதிரைகள் கொள்ளைத் தின்றன. தூதர் மற்றதையெல்லாம் தின்றார். படைக்குத் தலைவரான தளவாய் அனந்தப்பருக்கோ கால் தரையில் பாவவில்லை. யாராவது 'வைரகிரி' என்று சொன்னாலே எழுந்து நின்று கும்பிட்டார்.

இதற்கிடையே எல்லையில் இரண்டு அக்கிரமங்கள் நடந்தன. முதலில், முகமூடி போட்ட சிலர் வைரகிரிப் பக்கத்து எருமைத்துறைச் சந்தைக்குத் தீ வைத்தார்கள். பதினொரு பேர் வெந்து செத்தார்கள். 'பயங்கரர்கள்' என்று சபை கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும். பத்து நாள் கழித்து, அவர்களைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வைரகிரிக் குதிரைப்படை எல்லை தாண்டி வந்தது. நீலமங்கலத்தைச் சேர்ந்த புன்னைக்குறிச்சியைக் கொளுத்திவிட்டுப் போனது. அங்கே பதினான்கு பேர். சபை வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

"அது தற்காப்பு" என்றார் தளவாய்.

"நெருப்புதான் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டது" என்றார் கேசவராயர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

செத்தவர்களின் பெயரை எழுதிவரக் கூத்தபிரானை அனுப்பினார்கள். புன்னைக்குறிச்சியில் செல்லாண்டி என்ற பெண் அவர் முன்னால் வந்து நின்றாள். கையில் கரி அப்பியிருந்தது.

"ஐயா, எருமைத்துறையில செத்தவங்களுக்கு ராஜா மூணு நாள் துக்கம் காத்தாராமே. எங்களுக்கு எப்பங்க?"

அவள் சொல்லச் சொல்லக் கூத்தபிரான் பதினான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு ஊர் திரும்பினார்.

திரும்பினால் கோட்டை வாசலில் ஆறு பேரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். தேன் எடுத்துப் பிழைக்கிற மலைக்காரர்கள். வைரகிரிக் குதிரைகளுக்குத் தங்கள் மலைப்பாதையை விட மறுத்திருந்தார்கள். உடனே வைரகிரி மன்னன் அவர்களைப் பயங்கரர் என்று எழுதியனுப்பிவிட்டான்.

ராஜா நரேந்திரப் பூபதி கூத்தபிரானை அழைத்தார்.

"வைரகிரி மன்னர் யாரைப் பயங்கரர் என்று எழுதுகிறாரோ, அவர் நமக்கும் பயங்கரர். விசாரணை கிடையாது, கழுமரம்தான். நாளைக் காலை நீர் சபையில் பட்டியலைப் படிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டாலும் உம் தலை போகும்."

"வைரகிரி மன்னர் எழுதிய ஒரு பெயரையும் விடக் கூடாது. அப்படித்தானே மகாராஜா?"

"அப்படித்தான்."

"ஆள் யாரென்று பார்க்க வேண்டாமா?"

"எவனானாலும் சரி" என்றார் ராஜா.

கூத்தபிரான் நேரே ஓலைக் கிடங்குக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சபை கூடியது. தண்டனை நிறைவேற்றும் சேவகர்கள், கழுமரத்துக்குக் கட்டி இழுத்துப்போகக் கயிற்றோடு நின்றார்கள். கூத்தபிரான் ஆறு பெயர்களைப் படித்தார். கேசவராயர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"ஏழாவது..." என்றார் கூத்தபிரான்.

"நாங்கள் கொடுத்தது ஆறுதானே?" என்றார் தூதர்.

"நீங்கள் கொடுத்தது ஆறு. உங்கள் மன்னர் எழுதியது எட்டு. மற்ற இரண்டும் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஓலையில். அவருடைய முத்திரையே இருக்கிறது." ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏழாவது, வைரகிரிச் சுங்கச்சாவடிக்குத் தீ வைத்து மூன்று காவலாளிகளைக் கொன்ற பயங்கரர், அனந்தப்பர்."

தளவாயின் மீசை தொங்கிவிட்டது.

கூத்தபிரான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். நிறுத்தாமல் படித்தார். "எட்டாவது, அவரை ஏவிய பயங்கரர். இளவரசர் நரேந்திரப் பூபதி."

சேவகர்கள் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு சிங்காசனத்தைப் பார்த்தார்கள். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"என்னோடு விளையாடுகிறீரா?"

"ஒரு பெயர் விட்டால் தலை போகும் என்றீர்கள், மகாராஜா. தலையைப் பணயம் வைத்து யாராவது விளையாடுவார்களா?"

ராஜா தூதர் பக்கம் திரும்பினார். "என் பெயர் இன்னும் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?"

கேசவராயர் கைகூப்பினார். "இல்லை மகாராஜா. தாங்கள் சிநேக உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட அன்றே எடுத்துவிட்டோம்."

"அப்படியானால் சாவடி எரியவில்லையா?" என்று கேட்டார் கூத்தபிரான்.

"எரிந்தது."

"காவலாளிகள் பிழைத்து எழுந்துவிட்டார்களா?"

தூதர் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

"எரிந்தது எரிந்ததுதான், செத்தவர் செத்தவர்தான். ஒரு கையெழுத்தில் பயங்கரர் மட்டும் சிநேகிதர் ஆகிவிட்டார். மகாராஜா, வாசலில் கிடக்கிற ஆறு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்."

தாம் கொளுத்தச் சொன்ன சாவடியை ராஜா அன்றுதான் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவர்களை அவிழ்த்துவிடுங்கள். சந்தையைக் கொளுத்தியவனையும் தேடுங்கள், புன்னைக்குறிச்சியைக் கொளுத்தியவனையும் தேடுங்கள். முகமூடி போட்டவனானாலும் சரி, வைரகிரிக் கொடி பிடித்தவனானாலும் சரி, விசாரணை ஒன்றுதான்."

"அப்படியானால் குதிரைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்" என்றார் கேசவராயர்.

"தாராளமாக ஓட்டிக்கொண்டு போங்கள். நீங்களும் கூடவே போங்கள்" என்றார் ராஜா. தளவாய் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்தார். ராஜா தம் கைக் கங்கணத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

போகிற வழியில் தூதர் கூத்தபிரான் முன் நின்று பல்லைக் கடித்தார். "உம்மைப் பற்றி எங்கள் மன்னரிடம் சொல்லத்தான் போகிறேன்."

"அவசியம் சொல்லுங்கள். பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள். கூத்தபிரானுக்கு 'கூ' நெடில். குறிலாகப் போட்டு வைத்தால், பாவம், வேறு எவனாவது பயங்கரன் ஆகிவிடுவான்."

ராஜா சிரித்த சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்டது.