இழுபடாத சீஸ்

“டீச்சர், எம் பொண்டாட்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டா” என்றார் அருளப்பன். முகம் தொங்கிப்போயிருந்தது.

“நல்ல விஷயந்தானே அங்கிள்?”

“உங்களுக்கு அவளைத் தெரியாது.”

கொடைக்கானலில் ஒரு பால் பண்ணையில் ஆயுசு முழுக்க சீஸ் செய்தவர் அருளப்பன். அவர் கைப்பக்குவத்தை ஊரே மெச்சியது, மனைவி பிலோமி தவிர. சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே தட்டில் சீஸ் டோஸ்ட் சாப்பிடுவார்கள். புளிப்பு தூக்கல், மெழுகு மாதிரி இருக்கு என்று பிலோமி ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். அடுத்த சனிக்கிழமைக்குள் அருளப்பன் அதைச் சரிசெய்து விடுவார். அவர்களுடைய காதல் அப்படித்தான் நடந்தது.

போன வருஷம் பிலோமிக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கியது. அருளப்பன் கூச்சத்தை விட்டு, மகள் வயசிலிருந்த நவோமியிடம் பால் சேர்க்காத முந்திரிச் சீஸ் செய்யக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

“என்ன செஞ்சு கொடுத்தாலும் நல்லா இருக்குங்கிறா. விருந்தாளி மாதிரி பேசுறா. எனக்கு அழுகையே வந்துருச்சு டீச்சர்.”

“எங்க, காட்டுங்க.”

டப்பாவைத் திறந்தார். நவோமி ஒரு துண்டைத் தோசைக்கல்லில் போட்டாள். அது உருகியது. கரண்டியால் தூக்கினாள். இழுபடாமல் பொத்தென்று விழுந்தது.

“பாத்தீங்களா? மரவள்ளி மாவு போட்டா இழுக்குது, ஆனா பசை மாதிரி வாயில ஒட்டுது. போடாம விட்டா ருசி இருக்கு, இழுவை இல்ல. நீராகாரம் ஊத்திப் புளிக்க வெச்சேன். புளிப்பு வந்துச்சு. அந்த வாசனை வரல.”

“எந்த வாசனை?”

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பண்ணைச் சீஸ். ஓரமாகக் கடித்தார். பிறகு முந்திரிச் சீஸைக் கடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“தினமும் இப்படித்தான் ருசி பாக்குறீங்களா?”

“ஒத்துப் பாக்க ஒண்ணு வேணும்ல?”

“சனிக்கிழமை?”

“அவளுக்கு முந்திரிச் சீஸ். எனக்கு இது. தட்டு தனித்தனி. அவ அடுப்படியில, நான் கூடத்துல. பால் பட்டுடக் கூடாதுல்ல?”

நவோமி கையை நீட்டினாள்.

அருளப்பன் பொட்டலத்தைக் கொடுத்தார்.

அவள் வாசலுக்குப் போய், படுத்திருந்த நாயின் முன்னால் அதைப் பிரித்து வைத்தாள். நாய் எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் விழுங்கியது.

“ஐயோ டீச்சர்! வருஷக்கணக்கா பக்குவம் பண்ணுனது!”

“அதான் வாலை ஆட்டுது.”

“அப்ப சனிக்கிழமை நான் எதைத் திங்கிறது?”

நவோமி முந்திரிச் சீஸ் டப்பாவை மூடி அவர் கையில் வைத்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது.

அருளப்பன் டோஸ்ட் போட்டு எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போனார். பிலோமிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க தட்டு எங்க?”

“இதுதான்.”

“உங்க பண்ணைச் சீஸு?”

“நாய் தின்னுருச்சு.”

பிலோமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். டோஸ்டை இரண்டாகப் பிய்த்தார். சீஸ் இழுபடவில்லை. பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

அருளப்பன் மென்றார். முதலில் முந்திரியின் இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. பரவாயில்லையே என்று நினைத்தார். பசித்த வயிற்றுக்கு நன்றாகவே இருந்தது.

பிலோமியும் மென்றார். புருவம் சுருங்கியது.

“ஏங்க.”

“ம்?”

“மூஞ்சியப் பாத்தா ரசிச்சுத் திங்கிற மாதிரி இருக்கு. நாக்கு செத்துப்போச்சா? உப்பே இல்ல. இத்தனை நாளா இதையா எனக்குக் கொடுத்தீங்க?”

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் அருளப்பன் நேராக நவோமி வீட்டுக்கு ஓடினார். வாசலில் நின்றே கத்தினார்.

“டீச்சர், திட்டிட்டா!”