வராத காக்கைக்குப் புள்ளி

சத்தியமாகச் சொல்கிறேன், நாலு தெருவுக்குக் கேட்கும்படியே சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் என்றால் இன்று என் இலையில் விழுகிற அப்பளம் நமத்துப்போகட்டும்.

பொதிகை அடிவாரத்தில் வெள்ளைப்பாறை மடம் என்று ஒன்று. அதன் சாமிக்கு முப்பத்தைந்து வயது. காவி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி அவர் பந்தை உதைத்தால், பந்து மலைக்கு அந்தப்பக்கம் விழுந்து, மறுநாள் கேரளத்து மழையில் நனைந்து திரும்பி வரும்.

மடத்துக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. யார் யார் இறங்குவது என்று பட்டியல் எழுதுகிறவர் சீடர் நல்லபெருமாள். சாமியைவிட இருபத்தாறு வயது மூத்தவர். உத்தியோகக் காலம் முழுக்க மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டர் எழுதியவர். கணக்கில் ஏறாத மழையில் நனைந்தால் தலை துவட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் தாலுகா போட்டியோடு செல்போனில் ஒரு விளையாட்டும் வந்தது. நிஜ ஆட்டக்காரர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, நாமே ஒரு கனவு அணி கட்டிக்கொள்ளலாம். அவர்கள் மைதானத்தில் கோல் போட்டால் ஐந்து புள்ளி, எதிரி காலிலிருந்து பந்தைப் பறித்தால் இரண்டு. பெருமாளய்யா சோற்றை மறந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், விடிந்ததும் சாமியிடம் வந்து நின்றார்.

"வலப்பக்கக் காவலுக்கு நாளைக்குச் சேந்தனைப் போடறேன் சாமி. மாசிலாமணி வேண்டாம்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு ஆட்டம் இறங்கினாங்க. சேந்தன் அம்பத்தெட்டுப் புள்ளி. மாசிலாமணி நாலு."

"ம்."

பெருமாளய்யா குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. இவன் நிக்கிற பக்கம் எதிரணிக்காரன் வர்றதே இல்லை. ஏதோ பேசி வச்சிருக்கான். காசு கைமாறியிருக்கும்."

"அவன்கிட்டக் கேட்டீரா?"

"கேட்டேன். 'வந்தாப் பறிச்சிருப்பேன், வரலையே அய்யா'ங்கறான். திருடன் பேசற பேச்சு."

சாமி காதைக் குடைந்துகொண்டார். "உம்ம கனவு அணிக்குத் தலைவன் யாரு?"

"அது... சேந்தன்தான்." தலைவனுக்கு இரட்டைப் புள்ளி. நாளைக்குச் சேந்தன் இறங்கினால் பெருமாளய்யாவின் கனவு அணிதான் தாலுகாவில் முதல்.

"சரி. மாடியில நாளை விருந்துக்குக் கூழ்வடாம் பிழிஞ்சிருக்கு. வடக்குப் பாதியைச் சேந்தன் காக்கட்டும், தெற்குப் பாதியை மாசிலாமணி. உட்கார்ந்த காக்காயை விரட்டினா ரெண்டு புள்ளி. நீர் நடுவுல உட்கார்ந்து எழுதும். பட்டியல் சாயங்காலம்."

அந்த ஊர்க் காக்கைகள் லேசுப்பட்டவை அல்ல. ஒன்று கொத்தி உப்புப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவை இறங்கும்.

சேந்தன் கம்போடு பாய்ந்தான், புரண்டான், தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்தான். பத்துக் காக்கைக்குப் பிறகு விஷயம் பிடிபட்டுவிட்டது. தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, காக்கைகள் நன்றாக உட்காரும்வரை விட்டு, அப்புறம் பாய்ந்தான்.

"பலே!" என்று எழுதினார் பெருமாளய்யா.

மாசிலாமணி ஒரு கிழிந்த கறுப்புக் குடைத்துணியைக் கம்பில் தலைகீழாகக் கட்டி, செத்த காக்கை மாதிரி தொங்கவிட்டான். அதன் நிழலில் கண்ணை மூடிக்கொண்டான். மத்தியானம் ஒற்றைக்கண் காக்கை ஒன்று தெற்கே இறங்கி, நிமிர்ந்து பார்த்து, வந்த வழியே போனது. தானாகப் போனதற்குப் புள்ளி உண்டா என்று நெடுநேரம் யோசித்து, பெருமாளய்யா பூஜ்யம் போட்டார். பிறகு எழுந்துபோய், அவன் எங்காவது காக்கைகளுக்குச் சோறு வைத்திருக்கிறானா என்று மதில் ஓரமெல்லாம் தேடினார்.

சாயங்காலம் சாமி இரண்டு கூடைகளோடு வந்தார்.

"சேந்தன் தொண்ணூற்றிரண்டு சாமி! மாசிலாமணி ஒண்ணுமில்லை."

சாமி வடாத்தை உரித்துப் பாதிக்கொரு கூடையாகப் போட்டார். தெற்குக் கூடை விளிம்பு தட்டியது. வடக்குக் கூடையில் அடி மறையவில்லை.

பெருமாளய்யா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"காக்காய்களோடயும் பேசி வச்சிருப்பானோ?"

சாமி சிரிக்கவில்லை.

"சரி சாமி, நீங்களே சொல்லுங்க. வராத காக்காய்க்கு நான் எப்படிப் புள்ளி போடறது?"

சாமி தெற்குக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வடக்குக் கூடையைப் பெருமாளய்யா பக்கம் காலால் தள்ளினார்.

"நாளைக்கு விருந்துக்கு ஐம்பது பேர். இது பத்தாது. மிச்சத்துக்கு அந்தத் தொண்ணூற்றிரண்டைப் பொரிச்சு இலையில வையும்."

பெருமாளய்யா நோட்டை மூடிவிட்டுப் பட்டியலை எடுத்தார். வலப்பக்கக் காவலுக்கு நேரே ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார்.

இதை யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் மூச்சு விடாதீர்கள். வடக்குக் கூடையில் குறைந்ததில் ஒரு கைப்பிடி, காக்கை தின்றது அல்ல.