வெண்ணி வீட்டைச் சுற்றிய கோடு

பவழம் ஒதுங்கும் கடற்கரையை ஒட்டி ஒரு நாடு. வெகுகாலத்துக்கு முன்னே அதை விறல்வேந்தன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். சிரிப்பு வந்தால் முத்துமாலையைக் கழற்றிக் கொடுப்பான். கொட்டாவி வந்தால் யாரையாவது பிடித்துச் சிறையில் போடச் சொல்வான். இரண்டுக்கும் நடுவில் அவையோர் எப்படியோ பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனை நீர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பொழுது சொல்பவள் வெண்ணி. வாய்த்துடுக்கு அதிகம். "இப்போது என்ன பொழுது?" என்று ராஜா கேட்டால், "தாங்கள் எழுந்திருக்க வேண்டிய பொழுது போய், மறுபடி படுக்க வேண்டிய பொழுது வருகிறது, மன்னா" என்பாள். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பான்.

பண்டசாலை அதிகாரி நக்கபிரானுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே ஆகாது. வெண்ணியின் வேலையைத் தன் அக்காள் மகனுக்கு வாங்கித்தர நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெண்ணிக்கும் ஒரு கோளாறு உண்டு. வாசலில் எவனாவது மூட்டையை அவிழ்த்தால் போதும், கை தானாக நீளும். வேண்டுமா வேண்டாமா என்று மனசு கேட்பதற்குள் பொருள் வீட்டுக்குள் போயிருக்கும். பதினேழு தந்தச் சீப்பு இருந்தது. மூன்று கிளிக்கூண்டு இருந்தது. கிளி ஒன்றுகூட இல்லை. இதை மோப்பம் பிடித்த நக்கபிரான், ஊரில் தான் வைத்திருந்த கடையின் சரக்கைக் கூடைக்காரர்கள் தலையில் ஏற்றித் தினமும் அவள் வாசலுக்கு அனுப்பினான். "காசு கிடக்கட்டும் தாயே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்!" பிறகு பார்த்தபோது வட்டியோடு நானூறு காசு நின்றது. அவள் மாதச் சம்பளமே இருபதுதான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். கடன் கொடுத்தவன் கடன்காரரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடலாம். போட்டால் அன்றோடு வட்டி நிற்கும். ஆனால் கடைசிக் காசு அடையாமல், அல்லது கேட்டதைக் கொடுத்துச் சமாதானம் ஆகாமல், கோட்டை அழிக்கக் கூடாது. அதுவரை கடன்காரர் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது; வேறு யாரும் உள்ளே போகவும் கூடாது. உள்ளே இருப்பவருக்கு அரிசி, உப்பு தவிர எதையும் விற்கவும் கூடாது. மீறினால் கசையடி.

ஒருநாள் நிறைந்த அவையில் நக்கபிரான் சுண்ணாம்புக் கலயத்தோடு எழுந்தான்.

"மன்னா, இவள் எனக்கு நானூறு காசு பாக்கி. இவள் காலைச் சுற்றிக் கோடு போடுகிறேன். காசு இல்லையென்றால் வேலையை என் அக்காள் மகனுக்கு எழுதிக் கொடுக்கட்டும். எத்தனை நாள் பட்டினியாக நிற்கிறாள் என்று பார்ப்போம்."

ராஜாவின் முகம் வாடியது. வழக்கத்தை மீற அவனாலும் முடியாது. "வெண்ணி, என்ன சொல்கிறாய்?"

"வாங்கியது என் கைதான், மன்னா. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். கடைசிக் காசு வரை அடைப்பேன். வேலையை மட்டும் கொடுக்கமாட்டேன்." பிறகு நக்கபிரான் பக்கம் திரும்பினாள். "என்ன ஐயா, என் காலளவுக்குத்தான் உம்முடைய துணிச்சலா? இங்கே போட்டால் நாற்பது பேர் பார்ப்பார்கள். என் வீட்டைச் சுற்றிப் போட்டுப் பாருமே, ஊரே பார்க்கட்டும்! சுண்ணாம்பு செலவாகிவிடும் என்று பயமா?"

அவையில் கெக்கலி எழுந்தது. நக்கபிரானுக்குக் காது சிவந்தது. "பயமா? எனக்கா? வீட்டைச் சுற்றியே போடுகிறேனடி! தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் காறித் துப்பட்டும்!"

"சபாஷ்!" என்றான் ராஜா. "ஆனால் எனக்குப் பொழுது சொல்ல அவள் வந்துபோக வேண்டும். அதற்கு மட்டும் தடையில்லை."

கோடு விழுந்தது. மறுநாள் காலை கூடைக்காரர்கள் வழக்கம்போல வந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்து, கசையடியை நினைத்து, வந்த வழியே திரும்பினார்கள். வாசல் வெறிச்சென்று இருந்தது. வெண்ணிக்கு முதல் வாரம் கை அரித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் வாரம் வாசலில் கயிறு கட்டிப் பதினேழு சீப்பையும் தொங்கவிட்டாள். வாங்கத்தானே தடை? விற்க இல்லையே!

"வாங்க, வாங்க! நக்கபிரான் கடையில் எட்டுக் காசு, கோட்டுக்குள்ளே இரண்டே காசு! கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கையை நீட்டுங்க!"

சிரிக்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். "அடப்பாவி, இரண்டு காசுச் சீப்பையா எட்டுக்கு விற்றான்?" என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. நக்கபிரானின் கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். வெண்ணியோ மாதாமாதம் விற்ற காசையும், சம்பளத்தில் அரிசிக்கு எடுத்ததுபோக மிச்சத்தையும் அவையில் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி அவன் கையில் வைத்தாள்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் நக்கபிரான் ராஜாவின் காலில் விழுந்தான்.

"மன்னா, கோட்டை அழிக்க உத்தரவு வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து ஊரே என் கடையைக் கேலி செய்கிறது. இன்னும் ஒரே ஒரு காசுதான் பாக்கி. அதை நான் விட்டுக்கொடுக்கிறேன்!"

"விட்டுக்கொடுக்க வேண்டாம் ஐயா," என்றாள் வெண்ணி. "உம்மிடம் இனாமாக எதுவும் வாங்கமாட்டேன்."

"உன்னிடம் அந்த ஒரு காசு இல்லையா?" என்று கேட்டான் ராஜா.

முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "இருக்கிறது. மூன்று மாதமாக இருக்கிறது."

"பிறகு ஏன் கொடுக்கவில்லை?"

"கொடுத்தால் கோடு அழியும். நாளைக் காலையில் இவர் கூடை என் வாசலில் இறங்கும். கடன்தான் தீர்ந்தது மன்னா, கை அதே கைதான்."

ராஜா அன்று சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் பத்து விரல் மோதிரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் நக்கபிரான் விற்றவை. பிறகு கையில் கிடந்த வைரக் கடகம் ஒன்றைக் கழற்றி நீட்டினான். வெண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரி," என்றான் ராஜா. "வேறு என்ன வேண்டும்?"

"மழையில் கோடு கரைகிறது, மன்னா."

ராஜாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "அந்த ஒரு காசை வெண்ணி தனக்குத் தோன்றும்போது கொடுப்பாள். அதுவரை ஒவ்வொரு அமாவாசைக்கும் நக்கபிரான் தன் கையால், தன் சுண்ணாம்பால் கோட்டைப் புதுப்பிக்க வேண்டும். இது என் ஆணை!"

அப்புறம் மாதாமாதம் அந்தத் தெருவில் நல்ல கூட்டம். நக்கபிரான் கலயத்தைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவான். வெண்ணி படியில் நின்று விரலை நீட்டுவாள்.

"ஐயா, அந்த மூலையில் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க."