மணலில் நின்ற வத்தை

கஸ்பார் சம்மாட்டியிடம் வத்தை ஒன்று இருந்தது, சின்னப் பாய்மரப் படகு. அதில் கடலுக்குப் போய்வந்த தொம்மை, மூன்று நாளாக வலை இழுத்ததைவிடத் தண்ணீர் இறைத்ததுதான் அதிகம். நாளைக்கும் அதே வத்தைதான் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். தொம்மையின் மனைவி பிலோமி கைக்குழந்தையோடு கரைக்கு வந்தாள்.

“ஓட்டையை அடைச்சிட்டு அனுப்புங்க, சம்மாட்டியாரே.”

“பலகை பலகையாத் தடவிப் பாத்துட்டேன், ஓட்டையே இல்ல. அலை தெறிச்சா உன் புருஷன் பயப்படுறான். இந்தா, மணல்லதானே நிக்குது? இங்கேயே ஓட்டையைக் காட்டு, நிறுத்திடுறேன்.”

கரையே சிரித்தது. காய்ந்த மணலில் படகுக்குள் தண்ணீர் எப்படி வரும்?

“கொஞ்சம் பிடிங்க,” என்று குழந்தையை அவர் கையிலேயே கொடுத்தாள் பிலோமி. பெண்களைக் கூட்டிவந்து, கடல்நீரைக் குடம் குடமாக மொண்டு வத்தைக்குள் ஊற்றினாள்.

“என்ன கூத்து இது?”

“பானை வாங்கும்போது நாங்க பாக்குறதுதான். உள்ள வர்ற வழியாத்தானே தண்ணி வெளியேயும் வரும்?”

வந்தது. முதலில் ஒரு பலகை இடுக்கில் கசிந்தது. பிறகு முன்மூக்கில், சம்மாட்டி தம் பெயரைப் பொறித்துத் தாமே ஆணியடித்த பித்தளைத் தகட்டுக்கு அடியிலிருந்து கொடகொடவென்று கொட்டியது.

கூட்டம் கொல்லென்றது.

“மெதுவாடா, பிள்ள தூங்குது,” என்றார் சம்மாட்டி. நிஜமாகவே அது அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தது. அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தொம்மை, அந்தத் தகட்டைப் பிடுங்கு. பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடை. பிலோமி இன்னொரு தடவை தண்ணி ஊத்திப் பாத்து, போகலாம்னு சொன்னாத்தான் இது கடலுக்குப் போகும்.”