ராக்கியண்ணன் ஊர் பார்த்த கதை

வட்டமலை அம்மாவிடம் கேள்வி கேட்டுவிட்டு யாரும் சும்மா வீடு திரும்பியதில்லை. பதில் சொல்வதற்கு முன்னால் ஏதாவது ஒரு வேலை வைத்துவிடுவார். அது நன்றாகத் தெரிந்தும் ராக்கியண்ணன் அன்று விடிந்ததுமே மலையேறினார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அம்மாவுக்கு நாற்பது இருந்தால் அதிகம். மகள் வயதுப் பெண்ணைக் குருவாக ஏற்றுக்கொண்டதற்கு ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் முகத்துக்கு நேராகச் சிரிக்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. பஞ்சாயத்தில் அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

கூடவே மகன் மயில்சாமியும் வந்திருந்தான். முப்பது வயது, ஆறடி உயரம். மனம் மட்டும் ஐந்தாறு வயதிலேயே நின்றுவிட்டது. வந்தவுடன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எறும்புகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கினான்.

"அம்மா, கீழ டவுன்ல ஒரு வீடு பார்த்திருக்கறேனுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லோணும். அது நல்ல ஊருங்களா?"

"நீங்க போய்ப் பார்த்தீங்கல்ல? என்ன பார்த்தீங்க?"

"ஆஸ்பத்திரி கிட்டவே இருக்குதுங்க. தண்ணிக்குப் பஞ்சமில்ல. மாடியில குடியிருக்கறவங்க, மயிலுக்கும் சேர்த்துச் சோறாக்கறோம்னு சொல்றாங்க."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

ராக்கியண்ணன் மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பெரிய ஊருமில்ல, சின்ன ஊருமில்லீங்க. கிராமத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பட்டணத்துல யாரும் யாரையும் கண்டுக்கறதில்ல, அதுலயும் ஒரு நிம்மதி இருக்குது. இது ரெண்டுங்கெட்டான் ஊருங்க."

"உங்க ஊர்லயே இருந்துட்டா என்ன?"

"அங்க இவனை யாரும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. ராக்கியண்ணன் மகன்னு ஒதுங்கிப் போயிருவாங்க. ஆனா டாக்டரு என்னோட நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டாருங்க. எனக்கப்புறம் இவன் எங்க இருப்பான்?"

சாவுக்கு அவர் பயப்படவில்லை. அதற்கு மறுநாள் காலையில் மயிலு எழுந்து அப்பா என்று கூப்பிடுவானே, அதை நினைத்துத்தான் பயந்தார். பல மாதங்களாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

அம்மா எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

"வாங்க. போய்ப் பார்த்துட்டே வந்துரலாம்."

மூவரும் பஸ் ஏறி டவுனில் இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பேக்கரி இருந்தது. வாசலில் நீளமான பெஞ்சு, கல்லாவுக்கு முன்னால் பன் அடுக்கிய கண்ணாடி ஜாடி, ஆவி பறக்கிற டீ பாய்லர். அந்தப் பக்கத்து ஊர்களில் இப்படி ஒரு கடை இல்லாத வீதி கிடையாது.

"மயிலை அந்த பெஞ்சுல உட்கார வெச்சுட்டு வாங்க," என்றார் அம்மா.

"எங்கீங்க வர்றது?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அவன் தனியாவா? ஒரு நாள்கூட இவனைத் தனியா உட்டதில்லீங்க."

"தெரியும்."

ராக்கியண்ணன் மகனை உட்கார வைத்து, "இங்கயே இரு சாமி, வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். அங்கே ஒரு பழக்கடையின் படுதா மறைவில் அம்மாவோடு நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் மயிலு பஸ்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு பசித்திருக்க வேண்டும். எழுந்து போய் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பன்னை எடுத்துக் கடித்தான். டீ மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

ராக்கியண்ணன் பாய்ந்தார். அம்மா அவர் தோளில் கை வைத்தார்.

"இருங்க."

"அடிச்சுருவானுங்க."

"இருங்க, அய்யா."

டீ மாஸ்டர் ஆளை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ கேட்டார். மயிலு வாய் நிறைய பன்னோடு ஏதோ சொன்னான். மாஸ்டர் பிடியை விட்டுவிட்டு, அவனைப் பெஞ்சுக்கே அழைத்துவந்து உட்கார வைத்தார்.

அதோடு முடியவில்லை. பைக்கில் வந்த இரண்டு பையன்கள் அவனை ஆடச் சொல்லி செல்போனில் படம் பிடித்தார்கள். மயிலு சந்தோஷமாக ஆடினான். சுற்றி நின்றவர்களில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து போட்ட சத்தத்தில் பைக் கிளம்பிப் போனது. ஆனால் இதற்குள் மயிலு அப்பாவைத் தேடத் தொடங்கியிருந்தான்.

இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். பிறகு எதையும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினான்.

ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

ஈவிரக்கம் உள்ள எந்தக் குருவும் இப்படி ஒரு காரியம் செய்யச் சொல்ல மாட்டார் என்று நினைத்தபடியே ராக்கியண்ணன் ஓடினார். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. அவர் போய்ச் சேருவதற்குள் ஆட்டோக்காரர் வாயில் வந்ததையெல்லாம் திட்டியபடியே மயிலின் கையைப் பிடித்து மறுபடியும் பெஞ்சில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"மயிலு, வா சாமி போலாம்," என்று ராக்கியண்ணன் கையை நீட்டினார்.

ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார்.

"யாருய்யா நீ?"

"இவனோட அப்பன்."

"அப்பனா? பெத்த பையனை நடுரோட்டுல உட்டுட்டு எங்கடா போன?"

அவர் ராக்கியண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மேல் பொத்தான் தெறித்தது. அறுபத்தெட்டு வருஷத்தில் ராக்கியண்ணனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, தொட்டதும் இல்லை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"வெள்ளைச் சட்டையப் பாரு," என்றாள் பூக்காரப் பெண். "வேணும்னே தொலைச்சுட்டுப் போக வந்திருப்பான்."

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார் ராக்கியண்ணன்.

"யாரா வேணா இரு. நீ அப்பன்னு இவன் சொல்லட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போ," என்றார் டீ மாஸ்டர். பிறகு மயிலின் பக்கம் குனிந்து, குரலைத் தணித்து, "கண்ணு, இவரு யாரு?" என்று கேட்டார்.

மயிலுக்குக் கோபம். அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போலீசுக்குச் சொல்லுங்கப்பா," என்றது ஒரு குரல்.

ராக்கியண்ணன் திரும்பி அம்மாவைத் தேடினார். கூட்டத்துக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தார். இவர் யாரென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"மயிலு," என்றார் ராக்கியண்ணன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தப்புத்தான் சாமி. இனிமே உட்டுட்டுப் போக மாட்டேன்."

மயிலு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து அவருடைய பிய்ந்த சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா. சோறு."

ஆட்டோக்காரர் கையை எடுத்தார். ஆனாலும் விட மனமில்லை.

"இன்னொருக்கா இவனை ரோட்டுல பார்த்தேன்னு வையி, உன்னைச் சும்மா உட மாட்டேன்."

ராக்கியண்ணன் பன்னுக்குக் காசு நீட்டினார். டீ மாஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை, இவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ஓட்டலில் மகனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வரும்வரை ராக்கியண்ணன் அம்மாவோடு பேசவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வீடு வேண்டாம்னு சொல்லிரப் போறேனுங்க."

"ஏன்?"

"நீங்கதான் பார்த்தீங்களே. சட்டையைப் புடிச்சுட்டான். வாடா போடாங்கறான். பூக்காரி பிள்ளையத் தொலைக்க வந்தவன்கறா. எம்பையன்கிட்டயே என்னை யாருன்னு விசாரிக்கறாங்க."

"ஆமா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"பட்டணத்துக்கு இவனையும் கூட்டிட்டுப் போனப்பக்கூட என்னை எல்லாரும் சார்னுதானுங்க கூப்பிட்டாங்க."

"மயிலை என்னன்னு கூப்பிட்டாங்க?"

ராக்கியண்ணன் யோசித்துப் பார்த்தார். யாரும் அவனை எப்படியும் கூப்பிட்டதாக நினைவில்லை. அந்த யோசனையே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"அதை உடுங்க. எனக்கு ஒரு மரியாதை இல்லாத ஊர்ல நான் எப்படீங்க இருக்கறது?"

பஸ் வந்தது. மயிலை முதலில் ஏற்றிவிட்டு, படியில் கால் வைத்தபடி அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அய்யா, நீங்க இருக்கற வரைக்குமா ஊரு கேட்டீங்க?"