தேடினால் பறிபோகும் பெயர்

இணையதளங்களுக்கான பெயர்களை விற்கும் சென்னியப்பன் முன்னால் வேலாத்தாள் வெடவெடத்து நின்றாள். தன் செக்கெண்ணெய் வியாபாரத்தின் இணையதளத்துக்கு நினைத்த பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தளத்தில் தேடிப் பார்த்ததோடு சரி. தேடியதுமே அவருடைய தானியங்கி மெஷின் அதை வாங்கிப் பதுக்கிவிட்டது.

"லட்ச ரூபாய் எடு. இல்லாட்டி உன் போட்டிக்காரனுக்கு வித்துருவேன்."

"வேற பேரு பாக்கறனுங்க," என்றவள், வேர்த்து விறுவிறுத்து, வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போனில் அவர் தளத்திலேயே தேடினாள், நிறுத்தவே இல்லை.

கணக்கர் அலறிக்கொண்டு வந்தார். "முதலாளி! யாரோ தேடத் தேட நம்ம மெஷின் வாங்கிட்டே இருக்குது. பேரு வாங்கக் கட்டி வச்ச முன்பணமெல்லாம் கரையுது, மெஷினை நிறுத்தவும் முடியலீங்க!"

சென்னியப்பனுக்குச் சப்தநாடியும் ஒடுங்கியது. "நிறுத்து தாயே! வழக்கமான விலைக்கே தந்துடறேன்!"

"பயத்துல கை நடுங்குதுங்க," என்று இன்னொன்றைத் தட்டினாள். "ரசீது கைக்கு வந்தாத்தான் நிக்குமுங்க."