ஆவுடை கேட்டதும் பல்லி சொல்லாததும்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. மாரியம்மன் கோயில் கருவறைச் சுவரில் குடியிருந்துகொண்டு, ஊரார் கேட்பதை அம்மனிடம் சொல்லும்; அம்மன் சொல்வதை ஊராரிடம் வந்து சொல்லும். காணாமல் போன மாடு எந்தப் பக்கம் போனது, விதைப்பை எப்போது தொடங்கலாம் என்று எதைக் கேட்டாலும் பதில் வந்தது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று ஊர் நம்பியது. பல்லிக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்த ஊரில் ஆவுடை என்றொருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. செல்லி என்று ஒரே மகள். யார் வீட்டிலாவது அம்மை கண்டுவிட்டால் சொந்தக்காரர்களே வேறு தெரு வழியாக நடப்பார்கள். ஆவுடை மட்டும் வேப்பங்கொத்தோடு உள்ளே போவாள். பிள்ளைகளை மடியில் போட்டு விசிறுவாள், கஞ்சி புகட்டுவாள், முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும்வரை அங்கேயே கிடப்பாள். ஊர்க் கண்மாய்த் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்ட மாடசாமியின் பிள்ளையைக்கூட அவள்தான் பிழைக்க வைத்தாள்.

அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் விட்ட கையோடு வீட்டுக்கு வந்தால், செல்லிக்கு உடம்பெல்லாம் முத்து.

ஆவுடை கோயிலுக்கு ஓடினாள். "பல்லி ஐயா, எம்மவ பொழைச்சிருவாளா? ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்."

பல்லி சிரித்தது. "இதைப் போய் ஆத்தாகிட்ட கேக்கணுமாக்கும்? ஊருப் பிள்ளைய எல்லாம் தூக்கிச் சுமந்தவ நீ. உம் பிள்ளைய ஆத்தா கைவிடுவாளா? பொழைச்சிருவா, போ தாயி."

அம்மனைக் கேட்காமல் பல்லி சொன்ன முதல் பதில் அது. பொய் சொல்ல வேண்டும் என்று அது நினைக்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எல்லாரையும் போல அதுவும் நம்பியது, பாவம்.

அந்த வாரம் முடியுமுன் செல்லி செத்துப்போனாள். மாடசாமியின் பிள்ளை தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான்.

மகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஆவுடை நேரே கோயிலுக்கு வந்தாள். ஏசப்போகிறாள் என்று பயந்து பல்லி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் ஏசவில்லை.

"நீர் சொன்னது பலிக்கலைன்னு கேக்க வரலை ஐயா. அவ ஏன் செத்தா? நான் என்ன தப்பு பண்ணினேன்? அதை மட்டும் ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்லும்."

பல்லி அம்மனின் காதோரம் போய்க் கேட்டது. பதில் இல்லை. தோளில் இறங்கி, முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது. மாடு போன திசையைச் சொன்னவள், விதைக்க நாள் சொன்னவள், இதற்கு வாயைத் திறக்கவில்லை. சொல்லப் பிரியமில்லையா, அவளுக்கே தெரியவில்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆவுடை கருவறை வாசலில் உட்கார்ந்து விரல் முட்டியால் தரையைத் தட்டினாள். "சொல்லும்" என்றாள்.

பல்லி வாயைத் திறந்தது. இன்னொரு பதிலைத் தானாகச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. உண்மையோ அதற்குத் தெரியாது. துக்க வீட்டில் நாம் செய்வதுபோல "ச்சு... ச்சு..." என்று உச்சுக் கொட்டத்தான் முடிந்தது.

அவள் மறுபடி தட்டினாள். அது மறுபடி உச்சுக் கொட்டியது. விரல் தோல் உரிந்து தரையில் ரத்தம் பட்டது. பொழுது சாயும்வரை தட்டினாள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ அம்மை கண்டிருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு போனாள். நம்பிக்கையெல்லாம் போய்விட்டது, ஆனால் கூப்பிட்டால் போகாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அந்தக் கோயில் பக்கம் மட்டும் அவள் பிறகு வரவேயில்லை.

அன்று முதல்தான் பல்லிக்குப் பேச்சு நின்றுபோனது. அது உச்சுக் கொட்டும்போதெல்லாம் நாமும் விரலால் தரையைத் தட்டுகிறோம். நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டு தட்டுகிறோம். ஆவுடை கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.